நாளைக்கு அனுப்பறேன்னு சொன்ன பேப்பர்

சமையலறை ஜன்னல் கம்பியில் இரண்டு கட்டுப் பூண்டு தொங்குகிறது. இரண்டும் காந்தலூர்ப் பூண்டு. ஒன்று நீ கட்டி வைத்துவிட்டுப் போனது. இன்னொன்று முந்தாநாள் என் கைக்கு வந்தது. வீடு பூராவும் வாசம். "ஏனுங்க, ஊட்டுல இருக்கறதே ரெண்டு பேரு, இத்தனை பூண்டை வெச்சுட்டு நான் என்ன பண்றதுங்க?" என்று வீட்டுக்காரி காலையிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறாள். அவளுக்குச் சொல்லும் முன்னால் உனக்குச் சொல்லலாம் என்று உட்கார்ந்தேன். நீ இருந்த பத்து வருஷம் சொல்லாததை, நீ போய் ஒன்றரை மாதம் கழித்து எழுதுகிறேன். திட்டிக்கொள்.

முதலில் ஒன்று. உன் சாவுக்கு நான் வரவில்லை. மலையில் மழை, ரோடு இடிந்து கிடக்கிறது என்று உன் வீட்டுக்காரியிடம் போனில் சொன்னேன். ரோடு நன்றாகத்தான் இருந்தது. அந்தம்மா முகத்தைப் பார்க்கப் பயந்துகொண்டு வீட்டிலேயே சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், புறப்படுகிறவன் மாதிரி. மத்தியானம் சட்டையைக் கழற்றிவிட்டேன். முப்பது வருஷம் போலீஸில் இருந்தவனின் தைரியம் அவ்வளவுதான்.

போன வாரம் காய்கறி லாரியில் நீ கட்டி வைத்த அந்தக் கட்டு வந்தது. பின்னாலேயே உன் வீட்டுக்காரியின் போன். "அண்ணே, அடுப்புக்கு மேல தனியாத் தொங்குச்சு. உங்களுக்குன்னு எழுதி வச்சிருந்தாக. அவுக இருந்தா அனுப்பியிருப்பாகல்ல, அதான்." அவ்வளவுதான் சொன்னாள். அட்டைத் துண்டில் உன் எழுத்து: செக்ரட்டரிக்கு. நான் சங்கத்துச் செயலாளர் பதவியை விட்டு ஐந்து வருஷமாகிறது. நீ விடவில்லை.

போலீஸ் பயிற்சிக் கல்லூரியில் நம் பேட்சில் தமிழ் பேசுகிறவர்கள் நாம் இரண்டு பேர்தான். உன் அப்பாவுக்கு மலையில் பள்ளிவாசல் எஸ்டேட்டில் தேயிலை ஃபேக்டரி வேலை. என் அப்பாவுக்குப் பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கம் தென்னந்தோப்பும் கொஞ்சம் வயலும். நீ வாயைத் திறந்தால் "என்னவே" என்பாய். நான் "இல்லீங்க" என்றால் விழுந்து விழுந்து சிரிப்பாய். "போலீஸ்காரன் திருடனைப் பாத்து இல்லீங்கன்னா அவன் எப்படிவே பயப்படுவான்?" என்று கேட்டாய். பிறகு நான் கீழே சமவெளியிலும் நீ மேலே மலையிலுமாக வேலை பார்த்தோம். மூன்று மாதத்துக்கு ஒரு முறை சங்கக் கூட்டத்தில் பார்த்துக்கொள்வோம்.

எல்லையோர ஸ்டேஷன்களின் அதிகாரிகள் சேர்ந்த சங்கம் அது. பாலக்காட்டுக் கிழக்கு, இடுக்கி மலை, அதை ஒட்டித் தமிழ்நாட்டுப் பக்கம் என்று நாற்பது பேர் இருப்போம். ஒரு தடவை கீழே, ஒரு தடவை மேலே. கீழே வந்தால் நீ வெயிலைத் திட்டுவாய். மேலே வந்தால் நான் ஒவ்வொரு வளைவிலும் வாந்தி எடுப்பேன். எனக்கு இரண்டு பாஷையும் எழுத வரும் என்பதால் மினிட்ஸ் புத்தகத்தை என் தலையில் கட்டினார்கள். போன கூட்டத்தின் மினிட்ஸை நான் வாசிக்க வேண்டும், எல்லாரும் கையெழுத்துப் போட வேண்டும், அப்புறம்தான் சாப்பாடு. பசியில் யாரும் கவனித்துக் கேட்டதில்லை. நீ மட்டும் கேட்பாய்.

சங்கத்தின் பெருமையே "சங்கத்துச் சொல்" என்ற வழக்கம்தான். அடுத்த மாவட்டத்திலிருந்து ஓர் ஆள் வேண்டுமானால் முறைப்படி எழுதிக் கேட்க வேண்டும், பதிவு போட வேண்டும், ஒப்படைத்ததற்குக் கையெழுத்து வாங்க வேண்டும். சங்கத்துக்காரர்களுக்குள் அதெல்லாம் கிடையாது. போனில் ஒரு வார்த்தை, ஆள் ஜீப்பில் வந்து சேர்ந்துவிடுவான். இதைச் சொல்லிச் சொல்லி மார் தட்டுவோம். நீ ஒருத்தன்தான் கூட்டத்தில் எழுந்து கேட்டாய்: "கோழியக் கைமாத்துத மாதிரி மனுசனைக் கைமாத்துதோம். ஒரு துண்டுப் பேப்பராவது வேணுமா வேண்டாமா?" எல்லாரும் சிரித்தார்கள். 'உறுப்பினரின் ஆலோசனை பரிசீலிக்கப்படும்' என்று நான் எழுதினேன். யாரும் பரிசீலிக்கவில்லை. உன்னிடம் ஆள் கேட்டு யார் பேசினாலும் ஒரே பதில்தான்: "பேப்பரைக் குடு, ஆளைத் தாரேன்."

அந்த வருஷம் என் ஸ்டேஷன் எல்லையில் கிணற்று மோட்டார்களாகத் திருட்டுப் போனது. மூன்றாவதாகப் போனது என் தாய்மாமன் தோட்டத்து மோட்டார். ஊர்க்காரர்கள் பத்துப் பேர் ஸ்டேஷனில் வந்து உட்கார்ந்துகொண்டார்கள். "ஏம்ப்பா, உன்ற மாமன் ஊட்டு மோட்டாரையே காப்பாத்த முடியலீன்னா உனக்கு எதுக்கப்பா இந்தத் தொப்பி?" என்று மாமனே எல்லார் முன்னாலும் கேட்டார். என் காது சூடேறிவிட்டது. தோட்டத்தில் தேங்காய் உரிக்க வந்த செல்வராஜ் என்பவன், மோட்டார் போன மறுநாள் யாரிடமும் சொல்லாமல் ஊருக்குப் போய்விட்டான் என்றார்கள். சூரியநெல்லிப் பக்கம், உன் ஸ்டேஷன் எல்லையில், ஒரு எஸ்டேட் லயத்து வரிசை வீடுகளில் ஒன்று அவன் வீடு. எனக்கு அது போதும். உனக்குப் போன் போட்டேன்.

நீ வழக்கம்போல "பேப்பர் அனுப்புவே" என்றாய்.

"நாளைக்கு அனுப்பறேன். இன்னைக்கு ஆளை அனுப்பு. சங்கத்துச் சொல்லுன்னு வெச்சுக்க."

நீ சொன்னாய்: "சங்கத்துச் சொல்லுக்கு நான் யாருக்கும் குடுக்க மாட்டேன். உன் சொல்லுக்குத் தாரேன். நாளைக்குப் பேப்பர் வரணும்."

மறுநாள் நான் அனுப்பவில்லை. மறந்துபோய் அல்ல. பேப்பர் எழுதினால் அவன் என் கைக்கு வந்த நேரம் பதிவாகிவிடும். பதிவானால் இருபத்துநாலு மணி நேரத்தில் கோர்ட்டில் நிறுத்த வேண்டும். எழுதாதவரை அவன் என்னிடம் இல்லை. மோட்டார் கிடைத்ததும் சௌகரியமான தேதியில் எழுதிக்கொள்ளலாம். இந்தக் கணக்கு நம் தொழிலில் எல்லாருக்கும் தெரியும். உனக்கும் தெரியும். தெரிந்தும் என்னை நம்பினாய்.

"அம்மாவுக்கு ரொம்ப முடியல சார், அதான் சொல்லாமப் போனேன், என்னை விடுங்க சார்" என்று செல்வராஜ் சொல்லிக்கொண்டே இருந்தான். ஸ்டேஷனுக்கு வந்தால் எல்லார் அம்மாவுக்கும் முடியாமல் போய்விடும் என்று நான் பாராக்காரரிடம் சொல்லிச் சிரித்தேன். ஐயோ, அந்தச் சிரிப்பு! இப்போது நினைத்தாலும் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

மூன்றாம் நாள் காலை நீ கூப்பிட்டாய். "அவன் அம்மா போயிட்டாவே. விட்டுரு."

"சாயந்தரம் வரைக்கும் பாக்கறேன்" என்றேன் நான். பாவி, அப்படித்தான் சொன்னேன். இன்னும் அரை நாள் வைத்திருந்தால் உண்மையைக் கக்கிவிடுவான் என்று நினைத்தேன். கக்குவதற்கு அவனிடம் ஒன்றும் இல்லை. சாயங்காலம் விட்டேன். அவன் மலை ஏறிச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஒரே மகன் இருக்க, அக்கா மகன் கொள்ளி வைத்தான்.

அடுத்த வாரம் பொள்ளாச்சிப் பக்கத்துச் சங்கத்து அதிகாரி ஒருத்தர் வாட்ஸாப் குழுவில் ஒரு படம் போட்டார். பிடிபட்ட மோட்டார்கள், பக்கத்தில் பிடிபட்டவர்கள். நடுவில் மாமன் வீட்டு மோட்டார், நீலப் பெயிண்டோடு. எல்லாரும் கைகூப்புகிற படம் போட்டார்கள். நானும் போட்டேன். நீ போடவில்லை.

யூனியன்காரர்கள் சும்மா விடவில்லை. லயத்துக்குள் வந்து ஆளை ஏற்றியது உன் ஜீப். அதை ஐம்பது பேர் பார்த்திருக்கிறார்கள். இறக்கியது என் ஸ்டேஷனில், அதற்குப் பதிவே இல்லை. விசாரணை வந்தது. என்னைக் கேட்டபோது 'என் ஸ்டேஷனிலிருந்து எழுத்து மூலமாக எந்தக் கோரிக்கையும் போகவில்லை' என்று எழுதிக் கொடுத்தேன். ஒரு எழுத்துக்கூடப் பொய்யில்லை, பார்த்தாயா? மூன்றாம் நாள் சாயங்காலம் உன் ஆட்கள் கொண்டுவந்து விட்டார்கள், விசாரித்து ஒரு மணி நேரத்தில் அனுப்பிவிட்டேன் என்றும் எழுதினேன். அது முழுப் பொய். அந்த மூன்று நாளும் உன் தலையில் விழுந்தது.

உன்னிடம் கேட்டதற்கு நீ ஒரே வரி எழுதியிருந்தாய். விசாரணை அதிகாரி என்னைக் கூப்பிட்டு அதை வாசித்துக் காட்டினார். 'கேட்டவர் தாமே வந்து சொல்லுவார்.' வாசித்துவிட்டுக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"யாரென்னு அறியாமோ?" கேட்டவர் யாரென்று தெரியுமா என்று.

"அறியில்லா சார்" என்றேன். தெரியாதாம் எனக்கு.

உன் பதவி உயர்வு நின்றது. தூக்கி எங்கேயோ கடலோரத்துக்குப் போட்டார்கள், மலையைவிட்டு ஒரு நாள் இறங்கினாலே மூச்சு முட்டுகிறவன் நீ. நான் டிவைஎஸ்பி ஆனேன். நீ இன்ஸ்பெக்டராகவே வீட்டுக்குப் போனாய். அதைவிடக் கொடுமை, லயத்தில் பிறந்த பிள்ளை ஸ்டேஷனில் இருக்கிறான் என்று தைரியமாக நடமாடிய உன் சனம், நீ தெருவில் வந்தால் கதவைச் சாத்தியது. இதை நீ எனக்குச் சொன்னதில்லை. அந்தப் பக்கத்து ஏட்டு ஒருத்தர் சொல்லித்தான் தெரியும்.

அந்தச் சமயத்தில் சங்கத்துக்கும் மேலிடத்திலிருந்து கேள்வி வந்தது. வாய்ச் சொல்லில் ஆளை மாற்றிக்கொள்கிற வழக்கம் உண்டா என்று. அன்றைய கூட்டம் மலையில். மாற்றல் உத்தரவைக் கையில் வைத்துக்கொண்டு நீயும் வந்திருந்தாய். இல்லை என்று எழுதிவிடலாம் என்று தலைவர் சொன்னார். நான் எழுதினேன். 'அப்படியொரு வழக்கம் இச்சங்கத்தில் என்றும் இருந்ததில்லை. நடந்தது ஓர் உறுப்பினரின் சொந்தச் செயல்.' அன்றைக்கே வாசித்து அன்றைக்கே கையெழுத்து வாங்க வேண்டும் என்றார்கள். வாசித்தேன். யாரும் நிமிரவில்லை. புத்தகம் சுற்றி உன்னிடம் வந்தது. நீ அந்தப் பக்கத்தை நிதானமாகப் படித்தாய். பேனாவை என்னிடமே வாங்கினாய். போட்டுவிட்டு, "கையெழுத்து நல்லா இருக்குவே, உன்னது" என்றாய்.

கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் கோபப்பட்டுத் தப்பித்திருப்பேன். நீ சாதாரணமாகச் சொன்னாய். சாப்பிட்டாய், பாயசம் இரண்டாம் தடவை வாங்கினாய். புறப்படும்போது வழக்கம்போல ஒரு கட்டுப் பூண்டை என் காரில் வைத்தாய். "புகை படுற எடத்துல கட்டு. கேஸ் அடுப்புன்னு சொல்லாதே."

அதற்குப் பிறகு ஒவ்வொரு வருஷமும் பூண்டு வந்தது. ரிட்டயர் ஆகி நீ காந்தலூரில் வீடு எடுத்த பிறகும் வந்தது. போன் பேசுவோம். உன் சர்க்கரை, என் முட்டி, உன் வீட்டுக் கூரைமேல் ஓடுகிற குரங்கு. ஒவ்வொரு தடவையும் போனை வைக்கும் முன் நீ கொஞ்சம் நிறுத்துவாய். "அப்புறம்?" என்பாய். நான் "அப்பறம் ஒண்ணுமில்லப்பா" என்பேன். நீ எதற்கு நிறுத்தினாய் என்று எனக்கு நன்றாகவே தெரியும்.

போன வாரம் சங்கத்திலிருந்து கூப்பிட்டார்கள். உனக்கு இரங்கல் தீர்மானம், பழைய செயலாளர் என்பதால் நீங்களே எழுதி வாசிக்க வேண்டும் சார் என்று. 'கடமை தவறாத அதிகாரி' என்று முதல் வரி எழுதினேன். இரண்டாவது வரி ஓடவில்லை. அதே எழுத்து, அதே பேனாப் பிடி. என்னால் முடியவில்லை.

கூட்டம் முந்தாநாள், மேலே. ஒவ்வொரு வளைவிலும் வாந்தி எடுத்துக்கொண்டுதான் போனேன். எழுந்து நின்றேன். தீர்மானத்துக்கு முன்னால் ஒரு திருத்தம் இருக்கிறது என்று சொல்லி, பழைய மினிட்ஸ் புத்தகத்தைக் கேட்டேன். ஆளைக் கேட்டவன் நான், எழுதாமல் வைத்தவன் நான், அந்த வரி பொய், எழுதியதும் நான்தான் என்று சொன்னேன். நினைத்ததைவிடச் சின்னதாக வந்தது என் குரல். எல்லாரும் சின்னப் பையன்கள், அந்தக் கதையே கேள்விப்படாதவர்கள். செல்போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு என்னையே பார்த்தார்கள். தலைவராக இருக்கிற பையன் மரியாதையாக எழுந்து வந்து என் தோளைப் பிடித்தான். "சாரே, அதொக்கெ கழிஞ்ஞ காரியமல்லே. சார் இரிக்கு." அதெல்லாம் முடிந்துபோன விஷயமாம், நான் உட்கார வேண்டுமாம். இரங்கல் கூட்டத்தில் திருத்தம் எடுக்கிற வழக்கம் இல்லை என்றான். வழக்கம்! ஒரு நிமிஷம் மௌனமாக நின்றோம். அப்புறம் டீயும் பழம்பொரியும்.

நான் டீ குடிக்கவில்லை. உன் வீட்டுக்குப் போனேன். உன் வீட்டுக்காரி காலில் விழாத குறையாக எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அழவில்லை. "தெரியும்ண்ணே" என்றாள். "நீங்க வந்து சொல்லுவீகன்னு சொல்லிக்கிட்டே இருப்பாக. நான்தான் நம்பல." அப்புறம், "பூண்டு யாருதுன்னு தெரியுமா உங்களுக்கு?" என்று கேட்டாள். உன் தோட்டத்தது என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். கதவைச் சாத்திக்கொண்டு என்னோடு நடந்துவந்து, இரண்டு திருப்பம் தாண்டி ஒரு சரிவில் கைகாட்டிவிட்டுத் திரும்பிவிட்டாள்.

செல்வராஜ் கொத்திக்கொண்டிருந்தான். தலை நரைத்துவிட்டது. அந்தக் கேஸுக்குப் பிறகு எஸ்டேட்டில் அவனைச் சேர்க்கவில்லையாம். இங்கே குத்தகைக்குப் பூண்டு போடுகிறான். நான் யாரென்று சொல்ல ஆரம்பித்தேன்.

"தெரியுது சார்" என்றான். கையிலிருந்த மண்வெட்டியைக் கீழே வைக்கவில்லை.

நின்றுகொண்டே சொன்னேன். அவனைக் கேட்டு வாங்கியவன் நான், நீ இல்லை. அவன் அம்மா போன செய்தி வந்த பிறகும் அரை நாள் வைத்திருந்தேன். என்னை மன்னித்துவிடு என்று கேட்க எனக்கு யோக்கியதை இல்லை, அதனால் கேட்கவில்லை. அவன் பாத்தியைப் பார்த்துக்கொண்டே கேட்டான். முடித்ததும் நிமிர்ந்தான்.

"எழுதிக் குடுங்க சார்."

எதை என்று கேட்டேன்.

"எங்கக்கா இன்னும் என்கூடப் பேசாது. நான் என்னமோ பண்ணிட்டுத்தான் உள்ள இருந்தேன்னு நெனைக்கி. பெத்தவளுக்குக் கொள்ளி வைக்காதவன்னு லயத்துல பேரு. இன்ஸ்பெக்டர் ஐயாகிட்ட எழுதித் தரச் சொல்லிக் கேட்டேன். நான் எழுதுனா செல்லாதுடா, கேட்டவன் எழுதணும்னுட்டாரு. வாயால சொன்னா யாரு சார் நம்புவா?"

கூட்டத்தில் ஆளுக்கொரு நோட்டும் பேனாவும் கொடுத்திருந்தார்கள். பாத்தி வரப்பில் உட்கார்ந்து எழுதினேன். இன்ன ஸ்டேஷனில் இன்ன பொறுப்பில் இருந்த நான், இன்ன ஆளை, எந்த எழுத்தும் இல்லாமல் போனில் கேட்டு வாங்கினேன். மூன்று நாள் வைத்திருந்தேன். அவர்மேல் எந்தக் குற்றமும் இல்லை. அனுப்பிவைத்த அதிகாரி என் வார்த்தையை நம்பி அனுப்பினார். எட்டு வரி. பத்து வருஷத்துக்கு முன்னால் முதல் மூன்று வரியை எழுதியிருந்தால் போதும். மற்ற ஐந்துக்கும் வேலையே இருந்திருக்காது.

செல்வராஜ் எழுத்துக்கூட்டி வாசித்தான். "தேதி போடலியே சார்" என்றான்.

எந்தத் தேதியைப் போடுவது? பேனாவோடு நின்றேன். சௌகரியமான தேதி போட்டுப் பழகிய கை இது. எழுதிய நாளின் தேதியையே போட்டேன்.

அவன் அதை மடித்து, பிளாஸ்டிக் கவரில் சுற்றி உள்பையில் வைத்தான். அப்புறம்தான் கேட்டான்: "வருசா வருசம் ஐயா ஒரு கட்டு தனியா வாங்குவாரு. கீழ ஒரு ஆளுக்குன்னு. அது நீங்கதானா?"

ஆமாம் என்றேன். நான் பத்து வருஷமாக ரசத்தில் தட்டிப் போட்டுச் சாப்பிட்டது அவன் பூண்டு. இதைச் சொல்லாமல் வைத்திருந்தாயே, படுபாவி. அவன் குடிசைக்குள் போய் ஒரு கட்டை எடுத்துவந்து நீட்டினான். மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. "இந்தாங்க" என்றான். வாங்கிக்கொண்டேன்.

நேற்று உட்கார்ந்து அந்த எட்டு வரியையே இன்னும் இரண்டு காப்பி எழுதினேன். ஒன்றை இன்று காலை ரிஜிஸ்தர் தபாலில் மேலிடத்துக்கு அனுப்பிவிட்டேன். பென்ஷனில் கை வைப்பார்களோ, கேஸே போடுவார்களோ, தெரியாது. வீட்டுக்காரிக்கு இன்னும் சொல்லவில்லை, இந்த மடலை முடித்துவிட்டுச் சொல்ல வேண்டும். பூண்டு ஏன் இரண்டு கட்டு என்று அங்கிருந்துதான் ஆரம்பிக்கப்போகிறேன்.

மற்றதை என் சட்டைப் பையில் வைத்திருக்கிறேன். அது உன்னுடையது. நான் போன் போட்ட மறுநாளே உன் மேஜைக்கு வந்திருக்க வேண்டியது. எந்தச் சட்டை போட்டாலும் இதை எடுத்து அதில் மாற்றி வைத்துக்கொள்ளப்போகிறேன். வரி கோணலாகப் போகிறது. கையெழுத்து இந்தத் தடவை நல்லா இல்லவே.